வாய் நிறையப் பனித்சா

அக்டோபர் 2

மூன்றாம் வருடம் தொடங்கிவிட்டது. வகுப்பில் பதினோரு பேர். முதல் வருடம் முப்பது பேர் இருந்தோம். மற்றவர்களை ஜப்பானிய எழுத்துகள் தின்றுவிட்டன.

எங்கள் ரூசே நகரத்தில் ஜப்பானிய மொழி படிக்கிறேன் என்று சொன்னால், டிராலிபஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முதல் எங்கள் பல் டாக்டர் வரை எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எதுக்கும்மா?" இரண்டு வருடமாக என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. மூன்றாம் வருட மாணவர்களில் ஒருவரை, ஒரே ஒருவரை, ஒரு வருடத்துக்கு ஜப்பானில் கனஸவாவுக்கு அனுப்புவார்கள். மூன்றாம் வருடத்தில் விட்டால் விட்டதுதான். யார் போவது என்று முடிவு செய்வது ஜப்பானிலிருந்து வரும் ஆசிரியர்.

நான் போகவேண்டும். இதுவரை எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. இருக்கட்டும், யார் படிக்கப்போகிறார்கள்?

புது ஆசிரியர் நாளை வருகிறார். அதற்காக இன்று துறைத் தலைவர் ஸ்தமெனோவா எங்களுக்குத் தலையாட்டக் கற்றுக்கொடுத்தார்.

"போன தடவை வந்த மனுஷனுக்கு என்னாச்சு, ஞாபகம் இருக்கா? நாம ஆமாம்னு தலையைப் பக்கவாட்டுல ஆட்ட, இவங்க எல்லாத்தையும் மறுக்கிறாங்க, திமிரு பிடிச்சதுங்கன்னு நினைச்சுட்டு ஊரு போய்ச் சேர்ந்தாரு. நம்ம பல்கேரியாவுல பக்கவாட்டுல ஆட்டினா ஆமாம், மேலயும் கீழயும் ஆட்டினா இல்லை. அவங்களுக்கு நேரெதிர். அதனால நாளையிலிருந்து இந்த அறைக்குள்ள ஆமாம்னா மேலயும் கீழயும். எங்க, எல்லாரும் ஆட்டுங்க பார்ப்போம்."

ஆட்டினோம். இருபது வயதுக்கு மேல் கழுத்தைத் திருத்துவது லேசில்லை. மேலே போகிறது, பாதியில் பக்கவாட்டில் சாய்கிறது. கலோயான் மட்டும் ஆட்டவே இல்லை.

"என் கழுத்து, என் இஷ்டம், மேடம்," என்றான்.

கலோயான் எங்கள் வகுப்பில் இருப்பதே அவன் அப்பா விண்ணப்பத்தில் தவறான கட்டத்தில் குறி போட்டதால்தான். இதை அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

அக்டோபர் 3

வந்துவிட்டார். பெயர் மினெகிஷி. ஐம்பது வயதுப் பெண்மணி. ஆளைவிடப் பெரிய முதுகுப்பை. ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பதால் எங்களுக்கு அவர் சென்செய்.

முதல் பாடத்தை அருமையாக விளக்கினார். நாங்கள் தலையை மேலும் கீழும் ஆட்டினோம். எங்களை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து விளக்கினார். இன்னும் உற்சாகமாக ஆட்டினோம். மூன்றாம் தடவை படம் வரைந்து விளக்கினார்.

ஜப்பானியர்கள் எதையும் ஆழமாகச் செய்வார்கள் என்று புத்தகத்தில் இருந்தது.

அக்டோபர் 7

வீட்டில் பயிற்சி செய்யாமல் கழுத்து படியாது என்று சாப்பாட்டு மேசையிலும் மேலும் கீழும் ஆட்டினேன். அம்மா, "பீன்ஸ் சூப் இன்னும் ஊத்தட்டுமா?" என்றாள். ஆட்டினேன். பானை அடுப்புக்குத் திரும்பிப் போய்விட்டது.

"வயித்துக்கு என்னடி கேடு? ரெண்டு கரண்டிகூட உள்ள போகல!"

பசியோடு எழுதுகிறேன்.

அக்டோபர் 24

இன்னும் இரண்டாம் பாடத்தைத் தாண்டவில்லை.

இவருடைய தரம் வேறு. சரியான பதில் சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறார். உடனே பதிலை மாற்றுகிறோம். முகம் வாடுகிறது. மறுபடி மாற்றுகிறோம். நேற்று "புத்தகம் மேசைமேல் இருக்கிறது" என்பதை ஆறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஆறாவதாகச் சொன்னபோது புத்தகம் என்ற ஒன்றே இல்லாமல் போயிருந்தது.

கலோயான் கடைசி பெஞ்சில் ஜன்னல் வழியாக எதிரே இருக்கும் கார் ஷெட்டைப் பார்த்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டிருக்கிறான். சென்செய் அவனைப் பார்த்து, "கலோயானுக்குப் புரிஞ்சுடுச்சு. ரொம்ப நல்லது," என்கிறார். அவன் புத்தகமே கொண்டுவரவில்லை.

நவம்பர் 15

பண்பாட்டு வகுப்பு. ஒரு சதுரத் துணியால் பூசணிக்காயைக் கட்டிக் கைப்பிடி வைத்த மூட்டை ஆக்கிக் காட்டினார். அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு முடிச்சைக்கூட இழுத்துப் பார்க்கவில்லை, போட்டவுடன் அது நின்றது.

பிறகு ஒருவர் வேண்டாம் என்று சொல்வதைப் பற்றிப் பேசினார். "எங்க வீட்டுல எங்களை அப்படித்தான் வளர்த்தாங்க. ஒருத்தர் ஒரு தடவை வேண்டாம்னு சொல்லிட்டா, நாம மறுபடி கேக்கக்கூடாது. கேட்டா, மறுக்கிற சங்கடத்தை அவங்களுக்கு ரெண்டாந்தடவையும் குடுக்கிறோம்."

எங்கள் வீட்டில் விருந்தாளி வேண்டாம் என்றால், அம்மா அவர் சாப்பிடும் வரை கேட்பாள். பிறகு ஏன் இவ்வளவு சாப்பிட்டார் என்று என்னிடம் கேட்பாள். எனக்கு சென்செய் வீடுதான் சரிப்படும் போலிருக்கிறது. வீட்டுப்பாடம் மூன்று பக்கம் கேட்டார், ஒன்பது பக்கம் எழுதினேன். அவர் கண்ணில் பட்டே தீர்வது என்று இருக்கிறேன்.

டிசம்பர் 20

கேட்டுவிட்டார்! என்னிடம் கேட்டுவிட்டார்!

ஒழுங்காக எழுதுகிறேன்.

துறையில் புத்தாண்டு விருந்து. அம்மா பனித்சா செய்து கொடுத்திருந்தாள், பெரிய தட்டு, சீஸும் முட்டையும் வைத்து அடுக்கியது, உள்ளே வழக்கம்போல் அதிர்ஷ்டச் சீட்டுகள். யார் துண்டில் என்ன சீட்டு வருகிறதோ அதுதான் அவருக்கு வரும் வருடம். சென்செய்க்கு வந்தது "கல்யாணம்". ஸ்தமெனோவா விடாமல் கைதட்டினார். கலோயானுக்கு "நீண்ட பயணம்".

"எங்க, வர்னா கடற்கரைக்கா?" என்று சீட்டைக் காது பின்னால் செருகிக்கொண்டான்.

நான் பெரிய துண்டாக எடுத்து முழுதாக வாயில் போட்டிருந்தேன். சூடு. நாக்கால் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது சென்செய் பக்கத்தில் வந்து நின்று, தணிந்த குரலில் சொன்னார்: "வியாரா, கனஸவாவுக்கு உங்களைத்தான் நினைச்சிருக்கேன். போக உங்களுக்கு விருப்பமா?"

வாயில் உணவை வைத்துக்கொண்டு பேசக்கூடாது. கையால் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன். மேலும் கீழும், மூன்று தடவை, ஸ்தமெனோவா சொல்லித்தந்தபடி சுத்தமாக. கண்ணில் நீர் வந்துவிட்டது. பாதி சந்தோஷம், பாதி சூடு.

"அப்படியா," என்றார். "புரியுது. சொன்னதுக்கு நன்றி."

முகம் கொஞ்சம் வாடினாற்போல் இருந்தது. அம்மா பனித்சாவில் உப்பை அள்ளிப் போட்டிருந்தாள், அதனால் இருக்கும். நான் விழுங்கி முடிப்பதற்குள் ஸ்தமெனோவா அவரை வட்ட நடனத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வந்த சீட்டு "உடல் நலம்". அம்மா எழுத்து. பரவாயில்லை.

டிசம்பர் 21

நன்றி சொல்லப் போனேன். "சென்செய், நேத்து என்கிட்ட கேட்டதுக்கு ரொம்ப நன்றி," என்றேன். அவசரமாகக் கையை உயர்த்தினார். "வேண்டாம், வேண்டாம். அதைப் பத்தி இனிமே நாம பேசவேண்டாம்."

என்ன ஒரு நாகரிகம்.

ஜனவரி 9

வாயை அடக்கியிருக்கவேண்டும். அம்மாவிடம் சொன்னேன். அம்மா மூன்றாம் மாடியில் சொன்னாள். இப்போது கட்டிடம் முழுக்கத் தெரியும். கீழ்வீட்டுக்காரர் படியில் நிறுத்தி, "அங்க ரொட்டி கிடைக்காதாமே, என்ன பண்ணுவ?" என்று துக்கம் விசாரித்தார்.

அம்மா சிவப்பு நிறத்தில் பெட்டி வாங்கி வந்திருக்கிறாள். நான்கு சக்கரம். நடைவழியில் நிற்கிறது. கழிப்பறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் இடித்துக்கொள்கிறேன், ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கிறது.

பிப்ரவரி 20

கலோயான்.

பிப்ரவரி 21

கலோயானாம்! என்ன கூத்து இது? புத்தகம் கொண்டுவராதவன். ஜப்பான் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கனஸவாவைத் தேடியவன். நான் என்ன தப்பு பண்ணினேன்? ஒன்பது பக்கம் எழுதினேனே. என்கிட்ட வந்து கேட்டாங்களே, உன்னைத்தான் நினைச்சிருக்கேன்னு. கேட்டுட்டு எப்படி மாத்தலாம்? எதுக்குக் கேட்டாங்க? சும்மா கேட்டுப் பாத்தாங்களா?

ஸ்தமெனோவாவிடம் போய் நின்றேன். "அவங்க முடிவு பண்ணிட்டாங்க, நான் என்னம்மா செய்யறது? எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு," என்றார்.

கலோயானைப் பாராட்டவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. அவன் முகம் பேயறைந்தாற்போல் இருந்தது.

அம்மா இன்று மூன்றாம் மாடிக்கே போகவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 26

நடைவழியில் சென்செய் என்னை நிறுத்தி, "உடம்பு நல்லா இருக்கா?" என்று கேட்டார். நல்லா இருந்தால் உங்களுக்கென்ன, இல்லாவிட்டால் உங்களுக்கென்ன. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். மரியாதைக்கு மேலும் கீழும் ஆட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 27

என் மேசையில் ஒரு பொட்டலம். முதுகில் ஒட்டிக்கொள்ளும் ஜப்பானிய சூட்டுப் பட்டைகள். "சீக்கிரம் குணமாகட்டும்" என்று மேலே எழுதியிருந்தது.

மார்ச் 1

சென்செய் எங்கள் பதினோரு பேருக்கும் சிவப்பு வெள்ளை நூல் கட்டிவிட்டார். மார்ச் முதல் தேதி நாம் செய்வதை யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் ஊரிலும் நல்ல காரியத்துக்குச் சிவப்பும் வெள்ளையும்தானாம், அதில் அவருக்கு ஒரே சந்தோஷம். என் மணிக்கட்டில் முடிச்சுப் போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அறுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. நாரையைப் பார்க்கும் முன் கழற்றினால் ஆகாது. இனி ஆகாமல் போக என்ன மிச்சம் இருக்கிறது? இருந்தாலும் கழற்றவில்லை.

அம்மா சிவப்புப் பெட்டியில் கம்பளிகளை அடைத்து அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

மார்ச் 19

கலோயான் நூலகத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தான். கையில் புத்தகம். முதலில் அவன்தானா என்று சந்தேகம் வந்தது.

"வியாரா, திட்டணும்னா திட்டிடு. அப்புறம் இந்த ஏழாம் பாடத்தை சொல்லிக் குடு."

"போடா."

"அந்தம்மா எனக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சுட்டு இருக்காங்கடி. என்னை இதுவரைக்கும் யாரும் அப்படி நினைச்சதில்ல, எங்கப்பாகூட. அங்க போயி அவங்க மானத்தை வாங்கிடுவேன்னு நினைச்சா தூக்கம் வரமாட்டேங்குது."

"தூங்காத. எனக்கென்ன?"

போகவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் வரியிலேயே மூன்று தப்போடு வாசிக்க ஆரம்பித்தான். காது கொடுக்க முடியவில்லை. திருத்தினேன். அவனுக்காக இல்லை, என் காதுக்காக.

ஏப்ரல் 5

ஏழாம் பாடம், எட்டாம் பாடம் முடித்துவிட்டான். எனக்கே கோபம் வரும் அளவுக்கு வேகமாகப் படிக்கிறான். இன்று தலையாட்டலும் சொல்லிக்கொடுத்தேன்: அங்கே போய் இந்த மாதிரி பக்கவாட்டில் ஆட்டினால் முதல் நாளே விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள், மேலும் கீழும் ஆட்டு. கழுத்தைப் பிடித்து ஆட்டிக் காட்டினேன். பிடியில் கொஞ்சம் வன்மம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளலாம்.

"வலிக்குதுடி!" என்றான்.

எனக்கும்தான்.

ஏப்ரல் 16

நள்ளிரவு ஆகிவிட்டது. இருந்தாலும் முழுவதும் எழுதிவிடவேண்டும்.

சென்செய்க்குப் பல்வலி. மொழிபெயர்க்க ஸ்தமெனோவா என்னைக் கூட அனுப்பினார். வேறு யாரும் கிடைக்கவில்லையா என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே எங்கள் டாக்டர் பருஷெவிடம் அழைத்துப் போனேன். நல்ல மனிதர். "எதுக்கும்மா ஜப்பானிய மொழி?" என்று இன்றும் கேட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

ஊசி போட்டார். அது சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. துளைக்கும் கருவியை வைத்ததும் சென்செய் நாற்காலிக் கையை இறுக்கினார்.

"வலிக்குதாம்மா?" இது டாக்டர். மொழிபெயர்த்தேன்.

வாய் திறந்திருக்கிறது, பேச முடியாது. சென்செய் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார்.

"வெளிநாட்டுக்காரங்களுக்கு இப்படி ஆட்டினா இல்லைன்னு அர்த்தம், எனக்குத் தெரியும்," என்று டாக்டர் என்னிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு இன்னும் உள்ளே போனார்.

சென்செய் இன்னும் வேகமாகப் பக்கவாட்டில் ஆட்டினார்.

"என்ன தைரியம் பாரு! நம்ம ஆளா இருந்தா இந்நேரம் கட்டிடத்தையே கூட்டியிருப்பான்."

நானும் இல்லை என்றுதான் நினைத்தேன். ஜப்பானியர் ஆயிற்றே. பிறகு அவர் கண்ணைப் பார்த்தேன். கண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா, நான், கீழ்வீட்டுக்காரர், ஊரில் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று ஆட்டும் அதே ஆட்டல்.

"நிறுத்துங்க டாக்டர்! ஆமாங்கறாங்க! அவங்க நம்ம ஊரு ஆமாம் சொல்றாங்க!"

கருவி நின்றது. சென்செய் வாயைத் துடைத்துக்கொண்டு, "வலிக்குது," என்றார் ஜப்பானியத்தில். "வலிக்குதுன்னுதானே சொல்லிக்கிட்டே இருக்கேன்."

இன்னொரு ஊசி போட்டு முடித்தார்கள். டாக்டர் மன்னிப்புக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனார்.

டிராலிபஸ் நிறுத்தத்தில் நின்றோம். "சென்செய், பக்கவாட்டுல ஆட்ட உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது?" என்றேன்.

"வந்த அன்னிக்கே. வீட்டுக்கார சோன்கா அம்மா. இங்க மேலயும் கீழயும்னா இல்லை, பக்கவாட்டுலன்னா ஆமாம்னு சொன்னாங்க. உங்க ஊருக்கு வந்துட்டு உங்க பழக்கத்தை மதிக்கணும் இல்லையா? கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன்." ஒரு பக்க உதடு மரத்துப்போயிருந்ததால் வார்த்தைகள் வழிந்தன.

"நாங்களும் பழகினோம் சென்செய். உங்க பழக்கத்தை."

ஒரு டிராலிபஸ் வந்தது, போனது. இருவரும் ஏறவில்லை. அவர் முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. எனக்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு மாதம், பதினோரு பேர், ஒரு பாடத்துக்கு மூன்று விளக்கம், ஆறு விதமாகப் போய்ச் சேர்ந்த ஒரு புத்தகம், சூட்டுப் பட்டை. ஒரு மண்டைக்கும் உறைக்கவில்லை.

"நீங்க எல்லாரும் தினமும் புரியலை, புரியலைன்னு சொல்றீங்கன்னு நினைச்சேன்," என்றார். "நான் மோசமான ஆசிரியைன்னு முடிவு பண்ணி, அடுத்த வருஷம் வரமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன்." பிறகு நின்று, என்னைப் பார்த்து, மெதுவாக: "டிசம்பர்ல. பனித்சா சாப்பிடறப்போ. நீங்க…"

"ஆமாம்னேன்."

"மூணு தடவை ஆட்டினீங்க. அவ்வளவு உறுதியா வேண்டாங்கறவங்ககிட்ட மறுபடி எப்படிக் கேக்கறதுன்னு…"

முடிக்கவில்லை. இடுப்பை வளைத்துக் குனிந்தார். நிமிரவே இல்லை. மரத்துப்போன உதட்டிலிருந்து எச்சில் நடைபாதையில் சொட்டியது, அதைக்கூடத் துடைக்கவில்லை. நிறுத்தத்தில் காய்கறிப் பையோடு நின்ற ஒருவர், "அந்தம்மா எதையாவது தொலைச்சுட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் நடுத்தெருவில் விக்கி விக்கி அழுதேன். அந்த மனிதர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு நடந்தே போனார்.

ஏப்ரல் 17

சென்செய் காலையிலேயே ஸ்தமெனோவாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஸ்தமெனோவா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் கழுத்து இப்போது எந்தப் பக்கமும் அசையவில்லை.

பிறகு சென்செய் என்னிடம்: "தப்பு என்னோடது. கனஸவாவுல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. இந்த வாரத்துக்குள்ள சொன்னா பேரை மாத்திடலாம். கலோயான்கிட்ட நானே பேசிக்கறேன். நீங்க விருப்பத்தை மட்டும் சொல்லுங்க." கொஞ்சம் தயங்கி, "வாயால," என்றார்.

அங்கேயே சரி என்று சொல்லியிருப்பேன். கலோயானுக்கு என் வாயால் முதலில் சொல்வது முறை என்று தோன்றியது. நாளை அவனிடம் சொல்லிவிட்டு மறுநாள் பதில் சொல்கிறேன் என்றேன்.

அம்மா அலமாரியை நகர்த்திப் பெட்டியை வெளியே இழுத்தாள். கம்பளிகள் சோபாவில் கிடக்கின்றன. "பாத்தியா, நான் அன்னிக்கே சொன்னேன்," என்கிறாள். எதைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 18

கலோயான் ஆற்றங்கரை பெஞ்சில் இருந்தான். டான்யூப் கலங்கிப் போயிருந்தது. மடியில் எழுத்து அட்டைகள், வாய் நிறையச் சூரியகாந்தி விதை. எதிர்க்கரை ருமேனியாவைப் பார்த்துக்கொண்டு ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிக்கொண்டிருந்தான். பத்தில் எட்டு சரி. நான் பின்னால் நின்றதை அவன் பார்க்கவில்லை.

சுற்றி வளைக்காமல் கேட்கத்தான் வந்தேன்: இது எனக்கு வரவேண்டியது, கொடுத்துவிடு. வாயில் வந்தது வேறு.

"டேய், உண்மையைச் சொல்லு. உனக்கு நெஜமாவே அங்க போகணுமா?"

வாயில் விதை. பேசவில்லை. தலையாட்டினான். மேலும் கீழும். நான் கழுத்தைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தபடி, பிசகில்லாமல்.

நான் பல்கேரியாக்காரி. அவன் பல்கேரியாக்காரன். நிற்பது டான்யூபின் எங்கள் கரையில். மேலும் கீழும் ஆட்டினால் இங்கே இல்லை என்றுதான் அர்த்தம். "சரிடா, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, சென்செய்யே அப்படித்தான் எடுத்துக்கொண்டார். கனஸவா அந்த பெஞ்சில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நடக்கக் காலையும் எடுத்தேன். பொய் எழுதமாட்டேன், எடுத்தேன்.

"அந்தக் கருமத்தைத் துப்பிட்டு வாயால சொல்லு," என்றேன்.

துப்பினான். "போகணும்டி. எனக்கு இதுவரைக்கும் எதுவுமே வேணும்னு இருந்ததில்ல. இது வேணும்."

"சரி," என்றேன்.

"ஏன் கேட்ட?"

"சும்மாதான். அந்த மூணாவது அட்டையைத் தலைகீழா வச்சிருக்க."

ஏப்ரல் 19

சென்செய்யிடம் வாயால் சொன்னேன். வேண்டாம் என்று. அவர் ஏன் என்று கேட்கவில்லை, மறுபடியும் கேட்கவில்லை. இந்த ஒரு தடவை அவர் வேறு வீட்டில் வளர்ந்திருக்கலாம் என்று தோன்றியது.

வீட்டில் அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். "பைத்தியமாடி உனக்கு? தானா வந்ததை எவளாவது எடுத்துக் குடுப்பாளா? அவன் என்ன உனக்கு மாமனா மச்சானா?" இல்லை அம்மா. ஒன்றுமில்லை. எனக்குப் போகணும்மா. இப்பவும் போகணும். அவன்மேல் எரிச்சலாத்தான் இருக்கு. நான் நல்லவ இல்ல, எனக்கு அது தெரியும். ஆனா அவன் வாயால சொன்னதை நான் காதால கேட்டுட்டேனே, அதை என்ன பண்ணறது?

நூல் இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் நாரையைப் பார்த்துக் கழற்றிவிட்டார்கள். என் கண்ணில்தான் ஒன்றும் படவில்லை.

மே 22

ஸ்தமெனோவா எங்கள் எல்லோரையும் நிற்கவைத்து, "சென்செய் இன்னொரு வருஷம் இருக்கணும்னு யார் யாருக்கு ஆசையோ, வாயைத் திறந்து சொல்லுங்க. எவனாவது தலையாட்டினா கொன்னுடுவேன்!" என்றார்.

எல்லோரும் கத்தினோம். பக்கத்து அறையில் ஜெர்மன் வகுப்பு நின்றுவிட்டது. சென்செய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் கார் ஷெட்டைப் பார்த்தார்.

செப்டம்பர் 14

கலோயான் இன்று கிளம்பினான். அவனிடம் இருந்தது கால்பந்துப் பை ஒன்றுதான். நேற்றே அம்மா சிவப்புப் பெட்டியை உருட்டிக்கொண்டு போய் அவன் வீட்டில் நிறுத்திவிட்டாள். "கடன்தான். ஒரு கீறல் இருந்தாலும் உன்னைத் தொலைச்சுடுவேன்," என்று சொல்லியிருக்கிறாள்.

பேருந்து நிலையத்தில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டபோது வயிறு எரிந்தது. கையை ஆட்டினேன். பெட்டியாவது போகிறது.

டிசம்பர் 19

துறையில் புத்தாண்டு விருந்து. அம்மாவின் பனித்சா. இந்த வருடம் உப்பு குறைவு. ஸ்தமெனோவாவுக்குக் "குழந்தை" என்று சீட்டு வந்தது, அவருக்கு அறுபத்திரண்டு வயது.

நான் பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன், எனக்குப் புத்தி வராது. நாக்கு சீட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போது சென்செய் பக்கத்தில் வந்து நின்றார்.

"வியாரா, பட்டம் வாங்கினவங்க ஜப்பான்ல போய் ஆராய்ச்சி பண்ண ஒரு உதவித்தொகை இருக்கு. பரீட்சை ரொம்பக் கஷ்டம். உத்தரவாதம் எதுவும் கிடையாது. ஆனா வாரா வாரம் நான் கூட உக்காந்து சொல்லித் தருவேன். எழுதறீங்களா?"

வாய் நிறையச் சீஸ். தலை தானாக அசையப் பார்த்தது. எந்தப் பக்கம் என்று அதற்கே தெரியவில்லை. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து நிறுத்தினேன்.

சென்செய் போகவில்லை. ஸ்தமெனோவா வட்ட நடனத்துக்குக் கையைப் பிடித்து இழுத்தார், சென்செய் கையை விடுவித்துக்கொண்டார். கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, என் வாயைப் பார்த்தபடி நின்றார். மென்றேன். நின்றார். இன்னும் மென்றேன். இசை தொடங்கி, எல்லோரும் எங்களைச் சுற்றி ஆடத் தொடங்கிவிட்டார்கள். அவர் அசையவே இல்லை.

காத்திருப்பவரை எவ்வளவு நேரம் நிற்கவைப்பது? சீட்டைத் தேடுவதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் அப்படியே விழுங்கினேன்.

"எழுதறேன்," என்றேன்.

என் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. அம்மா கேட்டாள். வயிற்றில் இருக்கிறது என்றேன்.